துடிப்பு இறங்கட்டும்

அடையாறில் ஓர் அம்மாள் அசாத்தியமாக நாடி பார்க்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அது ஓலைச்சுவடி நாடி என்றே நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. கட்டைவிரல் ரேகை தெளிவாக விழவேண்டுமே என்று வலது கட்டைவிரலை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பஸ்ஸில் அது எதன் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர் நான் அவருக்கு ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தேனாம்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் டிக்கெட் போடும் வேலை, மயிலாப்பூரில் ஒரு மாடி அறை. இவை தவிர எனக்கென்று சொந்தமாக இருந்தது பயம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். படபடத்தால் செத்துவிடுவேனோ என்று பயம் வரும். பயந்தால் இன்னும் படபடக்கும். தெருமுனை டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து "கேஸ்" என்பார். அவர் கொடுத்த மாத்திரைக்கு ஏப்பம் வந்ததே தவிர பயம் போகவில்லை.

பக்கத்து மேஜைக்காரர்தான் என் புலம்பலைப் பொறுக்கமாட்டாமல் அந்த விலாசத்தைக் கொடுத்தவர். "யப்பா, எங்க மச்சான் குதிரை லாயத்துல வேலை பாக்கறான். அவன்தான் சொன்னான், அந்த மேடம் நாடி புடிச்சா புட்டுப் புட்டு வெச்சுடுவாங்களாம். போய் உன் ஆயுசு எவ்ளோன்னு கேட்டுட்டு வா. நீ நிம்மதியா இருக்கியோ இல்லியோ, நாங்க இருப்போம்" என்றார்.

குதிரை லாயம் என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

வீட்டின் பின்பக்கம் மாமரத்தடியில் காக்கிப் பேன்ட், ஆண்கள் சட்டை, தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு குதிரை. நான் வணக்கம் சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடிச்சுடுத்தா?" என்றார்.

"யாரு மேடம்?"

"மிளகுதான். புதுசா வரவா விரலை அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

மிளகு என்பது அந்தக் குதிரையின் பெயர் என்று புரிந்ததும் என் நெஞ்சு தன் வேலையைத் தொடங்கியது. அவர் என் விரலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்த தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஓடிண்டு வந்தியா?"

"நடந்துதான் வந்தேன் மேடம்."

"ஓடி வந்தவன் துடிப்புன்னா இது. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உட்காரு. துடிப்பு இறங்கட்டும், அப்பறம் பேசு."

வாளியின் மேல் உட்கார்ந்தேன். கொஞ்சம் அடங்கிய பிறகு, என் ஆயுள் எவ்வளவு என்று சுவடியில் பார்த்துச் சொல்லவேண்டும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மிளகு இரண்டடி பின்னால் போயிற்று.

"எங்காத்துல சுவடியெல்லாம் கிடையாது. குதிரைக்குத்தான் நாடி பார்ப்பேன். சரி, வந்தது வந்துட்டே, இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

அன்று பிடித்த கயிற்றை நான் அந்தப் பத்தாண்டு முடிகிற வரை விடவில்லை.

அவர் செய்துகொண்டிருந்தது இதுதான். வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி ஒன்றை நடத்துவார். பெசன்ட் நகர் கடற்கரையில் கிளம்பி, திருவான்மியூர் தாண்டி, சவுக்குத் தோப்புகள் வழியாகத் தெற்கே போய், சுற்றிச் சுற்றித் திரும்பி வரவேண்டும். நம் ஊரில் குதிரை என்றால் ரேஸ், ரேஸ் என்றால் முதலில் வருகிறவன் ஜெயித்தான். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு சோதனைத் தடுப்பு உண்டு. அங்கே குதிரைக்கு நாடி பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அதன் துடிப்பு குறித்த அளவுக்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால், எத்தனை வேகமாக வந்திருந்தாலும், ஆட்டத்தை விட்டு வெளியே.

முதல் வருஷம் இது தெரியாமல், தடுப்புக்கு முதலில் வந்தவருக்கு நான் மாலை போட்டுவிட்டேன். மாலையைக் குதிரை தின்றது. குதிரையின் துடிப்பு இறங்கவில்லை. மாலையோடு வெளியே போனார் மனிதர்.

போட்டி நடத்துவது என்றால் குதிரை ஓட்டுவது என்று நினைத்திருந்தேன். அதில் பெரும்பகுதி, கோபமாக இருப்பவர்கள் முன்னால் நிற்பது. அனுமதிக்காக ஒரு முறை அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி, "ரேஸா? பீச்சுல பெட்டிங் நடத்தப் போறீங்களா? என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினார். நான் கதவைப் பார்த்தேன். மேடம் மேஜைக்கு மேல் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரியும் பேச்சை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், ஊறுகாய் நிறையச் சாப்பிடுவேளா?"

"மாவடுன்னா கொஞ்சம்..."

"நிறுத்திடுங்கோ. யாராவது நல்ல டாக்டரைப் பாருங்கோ. நாங்க இன்னொரு நாள் வரோம்."

இன்னொரு நாள் போனபோது அனுமதி தயாராக இருந்தது. அதிகாரியின் சட்டைப் பையில் ரத்த அழுத்த மாத்திரையும் இருந்தது.

மேடத்தின் குணமே அதுதான். குதிரையோ மனிதனோ, துடிப்பு இறங்குகிற வரை அவரிடம் எந்தப் பேச்சும் நடக்காது. ஆள் விழுந்துவிட்டான், தண்ணீர் லாரி வரவில்லை, எது வேண்டுமானாலும் சொல்ல ஓடிவரலாம். முதலில் மணிக்கட்டைக் கொடுக்கவேண்டும். அவர் விரல்கள் சில்லென்று இருக்கும், வெல்லமும் குதிரை வியர்வையும் மணக்கும். அப்படி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால், சொல்ல வந்தது பாதி சொல்ல வேண்டாததாகிவிடும்.

எனக்கோ மீதிப் பாதியும் மறந்துபோகும்.

வேப்பமரக் கதை ஒன்று உண்டு. சவாரிக்காரர்களுக்கு வழி தெரிவதற்காக மரங்களில் ரிப்பன் கட்டுவோம். அது என் பொறுப்பு. தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவில் அழகான சிவப்பு ரிப்பன் வாங்கி, போட்டிக்கு முந்தைய நாள் போய்க் கட்டினேன். பாதை பிரிகிற இடத்தில் ஒரு பெரிய வேப்பமரம். அதில் கொஞ்சம் தாராளமாகவே கட்டினேன்.

காலையில் போய்ப் பார்த்தால், மரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் வைத்திருந்தது. என் ரிப்பனைச் சுற்றிலும் யார் யாரோ வேண்டுதலுக்குக் கட்டிய சிவப்புத் துணிகள். அதோடு விட்டார்களா? சுற்று வட்டாரத்தில் இருந்த வேப்பமரத்துக்கெல்லாம் கட்டியிருந்தார்கள். குதிரைகள் நான்கு திசையிலும் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் கூழ் ஊற்றுகிற இடத்துக்கே போய்ச் சேர்ந்து ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டார்.

நான் மணலில் விழுந்தடித்து ஓடி மேடத்திடம் வந்தேன். வழியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "இன்னாபா, குதுர தொரத்துதா?" என்றாள். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"மேடம், அங்க..."

"இறங்கட்டும்."

"மேடம், எல்லாக் குதிரையும்..."

"குதிரை எங்கே போய்டும்? ஒரு பக்கம் கடல் இருக்கோன்னோ. உனக்குத்தான் இறங்க மாட்டேங்கறது."

முழுக்கக் கேட்டபிறகு தலையில் அடித்துக்கொண்டார். "வேப்ப மரத்துல போய் யாராவது சேப்புக் கட்டுவாளா? அடுத்த வருஷம் திரும்ப ரங்கநாதன் தெருவுக்குப் போ. சாமிக்குப் பிடிக்காத கலர் எதாவது இருந்தா வாங்கிண்டு வா."

போனேன். கடைக்காரரிடம் அப்படியே கேட்டேன். அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சாமிக்குப் புடிக்காத கலரா? காலங்காத்தால இன்னா சார் கேள்வி இது?" என்றார். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அது சாமிக்கும் பிடிக்கவில்லை, சவாரிக்காரர்களின் கண்ணுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்த வருஷம் ஊதா என்று முடிவாயிற்று.

மேடத்தின் பெயரை நான் எழுதவில்லை. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இருந்தால், "என் பேர் எதுக்கு, மிளகு பேரைப் போடு" என்பார். போட்டுவிட்டேன்.

கோபமே வராதவர் என்று சொல்லமுடியாது. ஒரு விஷயத்தில் வரும். கடைசித் தடுப்பில் குதிரை வண்டி தயாராக நிற்கவேண்டும். காயம்பட்ட குதிரையை ஏற்றிக்கொண்டு போவதற்கான மூடிய வேன், உள்ளே வைக்கோல் பரப்பியிருக்கும். அது அங்கே இல்லாவிட்டால் எந்தக் குதிரையும் அந்தத் தடுப்பைத் தாண்டக்கூடாது. இது அவரே எழுதிய விதி. நான் வருவதற்கு முன்னால் ஒரு போட்டியில் ஒரு பெண் குதிரை கால் ஒடிந்து மணலில் கிடந்ததாம். வண்டி வருகிற வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வண்டி தாமதமாக வந்தது. அதைப்பற்றி அவர் பேசமாட்டார். லாடம் அடிக்கிற பாய்தான் எனக்குச் சொன்னார்.

பாய் திருவல்லிக்கேணிக்காரர். என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஆச்சரியப்படுவார்.

ஒரு நாள் மாமரத்தடியில் மிளகின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்னைக் கேட்கச் சொன்னார் மேடம். டப், டப், டப். பிறகு ஒன்றுமில்லை. நான் கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "மேடம், நின்னுபோச்சு!" என்று அலறினேன். மிளகு புல் தின்றுகொண்டிருந்தது.

"நின்னு போனது புல்லா திங்கும்?" என்றார். "சும்மா நிக்கறச்சே நல்ல குதிரைக்கு நடுநடுவே ஒண்ணு விட்டுத்தான் அடிக்கும். அது அதோட குணம். ஓட ஆரம்பிச்சா சரியாயிடும்."

இதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். எனக்கும் நடுநடுவே விட்டு விட்டு அடிக்கிற மாதிரி இருக்கும். நல்ல குதிரை ஜாதி போல என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஒரு வருஷத்துப் போட்டிக்கு வருகிறேன். தில்லியிலிருந்து ஒரு பார்வையாளர் வந்திருந்தார். போட்டி ஒழுங்காக நடந்து, ஒரு குதிரையாவது நல்லபடியாக முழுத் தூரமும் முடித்தால், அகில இந்தியப் பட்டியலில் நம் போட்டியும் சேரும். சேர்ந்தால், இங்குள்ளவர்கள் தகுதிபெறுவதற்காகக் குதிரையை ரயிலேற்றி வடக்கே கொண்டுபோக வேண்டியதில்லை. மேடம் இத்தனை வருஷம் எல்லா அலுவலகப் படியும் ஏறியது அதற்காகத்தான். முந்தைய மாதம் முழுக்க அவர் வேறு எதையும் பேசவில்லை. மனதுக்குள் பரபரப்பு இருந்திருக்கவேண்டும். போட்டியன்று காலை பூவைத் தலையில் வைத்துக்கொள்ள மறந்திருந்தார். அவரிடம் நான் பார்த்த ஒரே பதற்றம் அதுதான்.

கடைசித் தடுப்பு சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. நான், மேடம், பாய், கால்நடை டாக்டர், வேன் டிரைவர். ஜீப்பில் தில்லிக்காரரை முடிவுக் கோட்டுக்கு அனுப்பிவிட்டோம். முதலில் வந்தது பெங்களூரிலிருந்து வந்த ஒரு மேஜரின் சாம்பல் நிறக் குதிரை. துடிப்பு இறங்கவில்லை. மேஜர் தன் குதிரையின் காதில் ஏதோ கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு ஓடினேன். தண்ணீரில் பாதி குதிரைக்கு, பாதி எனக்கு, ஒரு முறை முழுவதும் டாக்டருக்கு.

"நைனா, மெதுவா போ! குதுர உன்னப் பாத்து பயப்படுது. நீ அந்தாண்ட போனாலே அதுக்கு எறங்கிடும்" என்றார் பாய்.

அவர் சொன்னபடியே நான் தள்ளிப் போனதும் இறங்கிற்று. நேரம் முடிய ஒரு நூலிழை இருந்தபோது டாக்டர் தலையாட்டினார். பின்னால் இன்னும் இரண்டு குதிரைகள் தோப்புக்குள் வந்துகொண்டிருந்தன. பட்டியல் கைக்கு வந்தது போலத்தான். நான் மேடத்திடம் ஓடினேன். வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினேன். பிடித்தார்.

விடவில்லை.

"உட்காரு."

"மேடம், குதிரை பாஸ்!"

"தெரியும். உட்காரு."

மூச்சு மேலே மேலே வாங்கியது. சளி கட்டிய மாதிரி ஓர் இருமல். அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் சட்டைக்குள் விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான் எலிமினேட்டா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "விட்டு விட்டு அடிக்கறதே உனக்கு."

"அது குணம் மேடம். நீங்கதானே சொன்னீங்க, நல்ல குதிரைக்கு..."

"நீ குதிரை இல்லடா" என்றார். அவர் என்னை டா போட்டது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வைக்கோல் வாசனை. கதவு மூடுகிற சத்தம். வேனில் என்னோடு பாய் ஏறியிருந்தார். "அவன் கையை விடாதீங்கோ பாய்" என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் பாய் என் வலது காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"பாய், கையைத்தானே புடிக்கச் சொன்னாங்க?"

"எனக்குக் காலுதாம்பா பயக்கம். நீ பேசாத வா."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியை மறித்தார். "குதிரைக்கெல்லாம் இங்க பாக்க மாட்டாங்க, திருப்பு!"

"யோவ், உள்ள மனுசன் கீறான்யா!" என்று பாய் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சர் தானாக ஓடிவந்த மாதிரி இருந்தது.

கேஸ் இல்லை. சின்ன வயதில் எப்போதோ வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் மணலிலேயே முடிந்திருக்கும் என்றார்கள். அறுவை செய்து உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினால் படபடப்பு இல்லை. என் குணம் என்று நான் முப்பது வருஷமாக நினைத்திருந்ததில் பாதி வால்வின் வேலை. மீதிப் பாதி என் குணமேதான். அதற்கு அறுவை சிகிச்சை இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூ வைத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒழுங்கா அடிக்கறது."

"மேடம், போட்டி என்னாச்சு? யாரு ஜெயிச்சாங்க?"

"துடிப்பு இறங்கட்டும். அப்பறம் பேசலாம்."

என் துடிப்பு இறங்கித்தான் இருந்தது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. மேஜர் ஜெயித்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கிப் போட்டேன். பதில் இல்லை. ராணுவத்தில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் மறுபடி போட்டி. என்னை நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். உலோக வால்வு கடிகாரம் போல டிக் டிக் என்று சத்தம் போடும். நான் பக்கத்தில் போனால் மிளகு காதை விடைத்துக்கொண்டு கேட்கும். "இன்னா நைனா, அலாரம் வெச்சிக்கீறியா?" என்று பாய் கேட்டார். அவரிடம்தான் பேச்சுவாக்கில் சொன்னேன், போன வருஷம் மேஜர் ஜெயித்ததற்கு நான் வாழ்த்து அனுப்பியும் மனிதர் ஒரு வரி எழுதவில்லை என்று.

பாய் லாடத்தைக் கீழே வைத்தார்.

"ஜெயிச்சாரா? அட, உனக்குத் தெரியாதா? ஒத்தரும் ஜெயிக்கலபா. வண்டிதான் உன்ன ஏத்திக்கினு வந்துட்ச்சே."

மற்றதை, அந்த வருஷமும் போட்டிக்கு வந்திருந்த மேஜரிடமே போய்க் கேட்டேன். அன்று வேன் கிளம்புமுன், "வண்டி போனால் போட்டி நின்றுவிடும் மேடம்" என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். "நிக்கட்டும்" என்றாராம் மேடம். தகுதிபெற்ற அவர் குதிரையும், பின்னால் வந்த இரண்டும், தோப்பிலேயே நின்றன. வேன் அடையாறு பாலத்து நெரிசலைத் தாண்டித் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெயில் ஏறினால் போட்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதும் மேடம் எழுதிய விதி. தில்லிக்காரர் முடிவுக் கோட்டில் மதியம் வரை காத்திருந்தார். ஒரு குதிரையும் வரவில்லை. போட்டி முடிவடையவில்லை, பட்டியலில் சேர்க்க வழியில்லை என்று எழுதிக்கொண்டு அன்று மாலை விமானத்தில் போய்விட்டார்.